பல் இல்லாத பூதம்

தொலைபேசியில் மற்றவர்கள் "ஹலோ" என்பார்கள். அவர் "கேக்குதா மிஸ்?" என்பார். "கேக்குது, சொல்லுங்க" என்று நான் சொல்லும்வரை அடுத்த வார்த்தை வராது. கூட்டமாக இருக்கும் நேரங்களில் நான் வெறுமனே "ம்" கொட்டினால் மறுபடியும் அதே கேள்வி வரும். கோபமோ அவசரமோ அந்தக் குரலில் இருக்காது. கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற ஆளைப் போல நிற்கும் அந்தக் குரல்.

நான் அப்போது கண்டி டவுனில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் முன்மேசையில் இருந்தேன். நோயாளிகள் கடித்துக் கொடுத்த அச்சுகளைப் பெட்டியில் போட்டு, குட்ஷெட் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் இருந்த லேபுக்கு அனுப்புவேன். அதிலிருந்து பல் செட் செய்து திருப்பி அனுப்புவது அவர் வேலை. முதலாளி கொழும்பில். மாடியில் அவர் ஒருத்தர்தான்.

பல் செட் வந்து சேர்ந்ததும் நான் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலைப் போடுவேன். உடனே போன் அடிக்கும்.

"மிஸ், விரல் போட்டிருக்கீங்க."

"ஆமா, வந்திருச்சு."

"பெட்டியத் திறந்து பாத்தீங்களா?"

"இல்லண்ணன், பேஷன்ட் வரட்டும்னு வச்சிருக்கேன்."

"திறந்து பாருங்க. நான் இருக்கேன்."

நான் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பெட்டியைத் திறப்பேன். பல் முழுசாக இருக்கும். இருக்கிறது என்று வாயால் சொன்ன பிறகுதான் வைப்பார். "அந்த மனுசனுக்கு வேற வேலை இல்லையா?" என்று எங்கள் டொக்டர் கேட்டிருக்கிறார். எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. வங்கியிலிருந்து பதிவுசெய்த குரல் ஒன்று அழைத்தால்கூட அவர் "நான் பேசலாமா?" என்று கேட்டுப் பார்ப்பார் என்று நான் கிளினிக்கில் சொல்லிச் சிரிக்க வைத்ததுண்டு. பிறகு ஒருநாள் அவர் உண்மையிலேயே அப்படிக் கேட்டுவிட்டு, பதில் வராததால் "சரிங்க" என்று மரியாதையாக வைத்ததை நேரில் பார்த்தேன்.

ஆள் மெலிந்தவர். நாற்பதை ஒட்டிய வயது. புருவத்திலும் காதோர முடியிலும் பிளாஸ்டர் தூள் படிந்திருப்பதால் பார்க்கிறவர்கள் பத்து வயது கூட்டியே சொல்வார்கள். பக்கத்தில் போனால் நகப்பூச்சு போல ஒரு வாசம் அடிக்கும். அது அக்ரிலிக் கரைக்கிற திரவத்தின் வாசம். ஊர் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் என்று சொன்னார். அங்கே இப்போது யாரும் இல்லை என்றும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்கும் அதேபோல ஒரு தோட்டம் இருந்தது, அங்கேயும் யாரும் இல்லை. அம்மா தம்பியோடு வத்தளைக்குப் போய்விட்டார். நான் கட்டுகஸ்தோட்டையில் ஒரு போடிங்கில் வாடகைக்கு அறை எடுத்து இருந்தேன்.

ஒரு போயாவுக்கு, பௌர்ணமி விடுமுறைக்கு, முதல் நாள் அவசர அச்சு ஒன்றைக் கொடுக்க நானே அந்த மாடிக்கு ஏறினேன். யன்னல் விளிம்பில் ஒரு பல்லி மாதிரி ஏதோ உட்கார்ந்திருந்தது. பல்லி இல்லை. சிறகு இருந்தது. முழு உடம்பும் பல் செட்டின் முரசுக்கு, அதாவது ஈறுக்கு, ஊற்றுகிற அதே இளஞ்சிவப்பு. வாயைத் திறந்தபடி இருந்தது. உள்ளே மனிதப் பற்கள், அச்சு அசலாக.

"ஐயோ, இது என்னாது?"

"டிராகன். மிச்சப்படுற அக்ரிலிக்ல செய்யிறது." கொஞ்சம் வெட்கப்பட்டார். "விளையாட்டுக்கு."

அப்போதுதான் அந்த விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வெளிநாடுகளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்களாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் மதில்ல ஏறுறேன்" என்று வாயால் சொன்னால் போதும். ஏறினோமா, வழுக்கி விழுந்தோமா என்பதை இருபது முகமுள்ள ஒரு தாயக்கட்டை முடிவு செய்யும். அந்தத் தாயக்கட்டையையும் அவரே முரசு நிறத்தில் வார்த்து வைத்திருந்தார். இணையத்தில் விதிகளைப் படித்துத் தானாகவே பழகியவர். போயா நாட்களில் லேப் பூட்டு. சாவி அவரிடம். அன்றைக்கு மட்டும் இரண்டு பேர் வருவார்களாம்.

"நாளைக்கு வீட்டுக்குப் போறீங்களா மிஸ்?"

"இல்ல."

"அப்ப வாங்க."

போனேன். எதற்கு என்று யோசித்துப் போகவில்லை. போயாவில் போடிங்கில் இருந்தால் துணி துவைப்பேன், பிறகு காயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அதைவிட இது பரவாயில்லை என்று பட்டது.

வருகிற இருவரில் ஒருவன் ரிஸான். அக்குறணையில் வாப்பாவின் துணிக்கடையில் நிற்பவன். மற்றவன் கோகுலன். யாழ்ப்பாணத்துப் பையன், பேராதனையில் இஞ்சினியரிங் கடைசி வருடம். பிளாஸ்டர் தூளைத் துடைத்துவிட்டு, அரைக்கும் மெஷினை ஒதுக்கித் தள்ளி, அந்த நீள மேசையில் உட்காருவோம். கீழே தலதா மாளிகைக்குக் கும்பிடப் போகிறவர்கள் வெள்ளை உடுத்துக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார்கள். மேலே நாங்கள் வாளோடும் மந்திரத்தோடும் இருப்போம்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் கோட்டைகளும் காடுகளும் அவருக்குப் பிடிக்காது. அவருடைய கதை ஒரு நகரத்தில்தான் நடக்கும். அதன் பெயரைச் சொல்ல மாட்டார். நடுவில் ஒரு குளம், சுற்றி மலை, எந்தப் பக்கத்தால் உள்ளே வந்தாலும் வீதி அடைத்துக்கொண்டு நிற்கும். பூதங்களும் நகரத்துப் பூதங்கள். பஸ் நிலையத்துச் சுரங்கப்பாதையில் ஒன்று இருந்தது. மழைக்கு ஒதுங்குகிறவர்களின் குடைகளைத் தின்னும். கோகுலன் எப்போதும் போல எழும்பி நின்றான்.

"அண்ணை, நான் வாளை உருவுறன். வெட்டுறன்."

"வெட்டுறதுக்கு முன்னுக்குக் கேட்டீங்களா?"

"என்னத்தை?"

"என்னா வேணும்னு."

"பூதத்திட்டயா? அது குடை தின்னுது அண்ணை!"

"தின்னுறது தெரியுது. என்னா வேணும்னு கேட்டீங்களா?"

கோகுலன் தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டான். அதற்கு வேண்டியிருந்தது காய்ந்த ஓர் இடம். அந்தச் சுரங்கப்பாதை முழுக்க ஒழுகும். அன்றைக்கு நாங்கள் சண்டை போடாமல் அதற்கு ஒரு கூரை கட்டிக் கொடுத்தோம். ரிஸானுக்கு ஏமாற்றம். "இதுக்கா அண்ணன் நான் கடைய விட்டிட்டு வந்த?" என்றான். ஆனாலும் அடுத்த போயாவுக்கும் வந்தான்.

பிறகு ஒரு தடவை வரவில்லை.

அன்று விடியற்காலையிலிருந்து மழை. "எல்லாரும் வர்றீங்களா?" என்று அவர் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு ரிஸான் கட்டைவிரல் போட்டிருந்தான். பத்து மணியானது, பதினொன்றானது, ஆள் இல்லை. போன் எடுக்கவில்லை. மழை பெய்தால் அக்குறணைக் கடைத்தெருவில் தண்ணீர் ஏறுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைய மழை அப்படியொன்றும் பெரிதில்லை.

"அவன் நித்திரையா இருப்பான் அண்ணை. நாங்கள் துவங்குவம்" என்றான் கோகுலன்.

துவங்கினோம். அவர் கதையைச் சொல்லிக்கொண்டே போனைப் பார்த்தார். கதாபாத்திரங்களின் பெயரை மாற்றிச் சொன்னார். கடைசியில் தாயக்கட்டையை மேசையில் வைத்துவிட்டு, "நான் போய் ஒருக்காப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றார். அக்குறணைக்குப் போகிற மாத்தளை வீதி பஸ் என் போடிங்கைத் தாண்டித்தான் போகும். அதனால் நானும் ஏறினேன். கட்டுகஸ்தோட்டையில் இறங்கியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கவில்லை.

கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் வீட்டுக்கு வழி சொன்னார். வாசலில் இரண்டு வேன்கள் நின்றன. உள்ளே நிறையப் பேச்சுச் சத்தம், புரியாணி வாசம். ரிஸான் புதுச் சேர்ட்டோடு வெளியே ஓடி வந்தான்.

"என்ன அண்ணன்? யாருக்கும் ஏதாவதா?"

"இல்ல. நீங்க வரல."

"தங்கச்சியப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தீக்கிறாங்க. திடீரென்டு இன்டைக்கு வைச்சிட்டாங்க. போன் உள்ளுக்குச் சார்ஜ்ல."

"விரல் போட்டிருந்தீங்க."

"அது ராத்திரி போட்டது அண்ணன்..." அவன் திரும்பி வீட்டைப் பார்த்தான். கதவருகே இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்தபடி நின்றார்கள். அவர் புருவத்தில் பிளாஸ்டர் தூள், காற்சட்டை முழங்கால்வரை சேறு.

வாப்பா வந்தார். "யாரு, மகன்?"

"கூட்டாளிமார் வாப்பா. கண்டியில."

"அப்ப ஏன் வெளிய நிக்க வைச்சீக்கிற? உள்ளுக்குக் கூப்பிடுங்களே."

பக்கத்து அறையில் எங்களை உட்கார வைத்து, இனிப்புக்குக் கிண்ணத்தில் வட்டலப்பம் கொடுத்தார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. வந்திருந்தவர்களில் ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "ஏதாவது கரைச்சலா?" என்று மெதுவாக ரிஸானிடம் கேட்டது எனக்குக் கேட்டது. என் பக்கத்தில் இருந்த அவருக்கும் கேட்டிருக்கும். தலையைத் தூக்காமல் கிண்ணத்தைக் கடைசி வரை வழித்துச் சாப்பிட்டார். கிளம்பும்போது ரிஸான் வாசலுக்கு வந்து, "அண்ணன், இனி இப்படி வர வேணாம், சரியா? கோல் பண்ணுங்க, நான் எப்பவாவது எடுப்பேன்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்குத் தங்கச்சியின் கல்யாணம் பெரிது.

திரும்பும் பஸ்ஸில் எனக்குத்தான் தாங்கவில்லை.

"எதுக்குண்ணன் இப்படி? ஒரு மனுசன் ஒரு நாள் வரலன்னா செத்தா போயிருவான்?"

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். பிறகு சொன்னார்.

"எங்க போடிங் அம்பிட்டியவுல. பெரிய வீடு. பலகை அடிச்சு அடிச்சு ரூம் ரூமாப் பிரிச்சிருக்காங்க. எனக்கு அடுத்த ரூம்ல ஒரு வயசான மாத்தயா இருந்தார். பென்சன்காரர். தண்ணி பைப்புக்கிட்ட ரெண்டு மூணு தடவ பாத்திருக்கேன், சிரிப்பார், அவ்வளவுதான். ஆனா அவரு எப்ப எழும்புவார், எப்பத் தேத்தண்ணி போடுவார், எல்லாம் எனக்குத் தெரியும். பலகைச் சுவர்தானே. காலையில ரேடியோவப் போட்டார்னா படுக்கிற வரைக்கும் பாடும். நான் வேலை முடிஞ்சு வந்து அந்தச் சத்தத்தக் கேட்டா, சரி, ஆள் இருக்காருன்னு ஒரு இது. வீட்ல யாரோ இருக்கிற மாதிரி."

பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது.

"அந்த வாரமும் ரேடியோ பாடிச்சு. ராத்திரியும் பாடிச்சு. வயசானவர், நிப்பாட்ட மறந்திருப்பார்னு நெனச்சேன். வாடகை வாங்க வந்த வீட்டுக்கார நோனாதான் கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டுத் தொறந்தாங்க." கம்பியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "ஆள் போயி நாலஞ்சு நாளாம். நான் இந்தப் பக்கம் இருந்து ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

"உங்களுக்கு எப்படிண்ணன் தெரிஞ்சிருக்கும்?"

"தெரியாது. சத்தம் வேற, பதில் வேற மிஸ். அவ்வளவுதான் அப்பத் தெரிஞ்சுக்கிட்டது."

கட்டுகஸ்தோட்டையில் நான் இறங்கினேன். பஸ் நகரும்வரை அவர் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைக் காட்டினேன். பிறகு என்னவோ தோன்றி, "போயிட்டு வர்றேன்" என்று வாயாலும் சொன்னேன்.

ஒரு வெளிநாட்டுக் கம்பனி இந்த விளையாட்டுக்குப் புத்தகம் போடப்போகிறது, நகரத்தில் வாழும் புதுப் பூதங்களை யாரும் எழுதி அனுப்பலாம் என்ற செய்தியை அதற்குப் பிறகு கோகுலன்தான் கொண்டு வந்தான். ரிஸானும் அன்று வந்திருந்தான். தங்கச்சியின் காரியம் சரிவந்த சந்தோசத்தில் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்புக் கொண்டுவந்திருந்தான். பழையதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"அண்ணை, நீங்கள்தான் எழுதோணும். எத்தினை கை வைப்பம்?" என்றான் கோகுலன்.

"நெருப்பு ஊதுமா?" என்றான் ரிஸான்.

"உடம்பே இல்ல" என்றார் அவர். யோசித்து முடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. "இது பலகைச் சுவருக்குள்ள இருக்கும். போடிங் வீடு, அனெக்ஸ், எங்கெல்லாம் ஒரு அறைய ரெண்டாப் பிரிக்கிறாங்களோ அங்க வந்துரும். அடுத்த ரூம் காலியா இருக்கும். ஆனா இது சத்தம் போடும். கோப்பை வைக்கிற சத்தம், இருமுற சத்தம், செருப்பு இழுபடுற சத்தம். தனியா இருக்கிறவன் அதக் கேப்பான். ஆள் இருக்குன்னு நெனப்பான். நெனச்சா நிம்மதி. நிம்மதி வந்தா வெளிய போறது குறையும். யாரையும் தேட மாட்டான். இது அந்த நிம்மதியத்தான் தின்னும். தின்னத் தின்ன அவன் சுருங்குவான். கடைசியில அவனும் ஒரு சத்தமாத்தான் மிஞ்சுவான்."

மஸ்கட் பெட்டியில் யாரும் கைவைக்கவில்லை.

"எப்படிச் சாகடிக்கிற?" என்று ரிஸான் கேட்டான்.

"சுவரத் தட்டி ஒரு கேள்வி கேக்கணும். அதுக்குச் சத்தம் போடத் தெரியும், பதில் சொல்லத் தெரியாது. பதில் இல்லன்னு கேட்டவனுக்கு விளங்கின அந்த நிமிசமே போயிரும்."

அதற்கு 'அடுத்த அறை' என்று பெயர் வைத்தார். மற்றப் பூதங்களுக்குச் செய்தது போல இதற்கும் ஓர் உருவம் செய்யப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் விரல் நீளத்துக்கு ஒரு பலகைச் சுவரை மட்டும் முரசு நிறத்தில் செய்து மேசையில் நிறுத்தினார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

ஆடிப் பார்த்தபோது அது சோபிக்கவில்லை. கோகுலன் முதல் இருமலிலேயே சுவரைத் தட்டி, "அண்ணை, இருக்கிறியளோ?" என்று கத்தினான். பூதம் முடிந்தது. "சரியான லேசு அண்ணை. ஒருக்காக் கதவைத் தட்டினாச் செத்துப்போகுது. இதுக்கு ஆர் பயப்பிடுவினம்?" என்றான். அவன் வீட்டில் ஆறு பேர். விடுதியில் அறைக்கு நான்கு பேர். தட்டுவதற்கு அவனுக்கு யோசனையே தேவைப்படவில்லை.

அவர் எழுதி அனுப்பினார். மழைக்காலம் முழுக்கப் பதில் இல்லை. பிறகு ஒருநாள் கிளினிக்குக்கு நேரில் வந்தார். போனில் இருந்த மின்னஞ்சலை என்னிடம் நீட்டினார். அவர்களுக்குப் பிடித்திருந்தது. புத்தகத்தில் போடுவார்கள், அவர் பெயரும் வரும். ஆனால் சண்டைக்கு ஏற்றமாதிரிச் சில மாற்றங்கள் செய்திருந்தார்கள். கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தார்கள். சுவரைப் பிளந்துகொண்டு ஒன்று வெளியே பாய்கிறது. நீண்ட நகங்கள். வாய் நிறையப் பற்கள். தட்டிக் கேள்வி கேட்கிற விதியைக் காணவில்லை. வாளால் வெட்டினால் போதும்.

"பல்லு வச்சிருக்காங்க மிஸ்" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "நாள் முழுக்கப் பல்லுதான் செய்யிறேன். ஒண்ணே ஒண்ணு பல்லில்லாமச் செஞ்சேன்."

"விடுங்கண்ணன். பேர் வரும்தானே. உலகம் பூராப் போகும்."

"நகத்தக் கண்டா ஆள் ஓடும். ஓடினாத் தப்பிச்சிருவான்." சிரிப்பு நின்றிருந்தது. "இதுகிட்ட இருந்து யாரும் ஓட மாட்டாங்க. அதுதான் இதுல பயம். அத எடுத்துட்டாங்களே."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கோபமாகக்கூடப் பேசினேன். வாழ்க்கையில் ஒரு தடவை ஒரு கதவு திறக்கிறது, அதையும் சாத்துகிறாரே என்று இருந்தது. அவர் அங்கேயே, நோயாளிகள் உட்காரும் கதிரையில் இருந்து, நன்றி, வேண்டாம் என்று ஆங்கிலத்தில் தட்டினார். அனுப்புவதற்கு முன் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னிடம் காட்டினார். இல்லை என்றேன். அனுப்பினார். பதில் வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போனார்.

கோகுலன் பரீட்சை முடிந்து ஊருக்குப் போனான். ரிஸானுக்கு மச்சான் கட்டாரில் வேலை பார்த்துக் கொடுத்தான். போயாக்கள் வந்து போயின. சில தடவை நாங்கள் இருவரும் மட்டும் அந்த மேசையில் தேநீர் குடித்துவிட்டுப் பிரிந்தோம். இருவராக விளையாட முடியாது என்று நினைத்திருந்தேன். பிறகு அவருக்கும் மாலைதீவில் ஒரு பல் லேபில் வேலை கிடைத்தது. போன புதிதில் சில தடவை பேசினார். கடல் சத்தம் கேட்கிறதா என்று கேட்பார், கேட்கிறது என்பேன். இப்போது அந்த எண் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழிகளிலும் சொல்கிறது.

மாலைதீவுக்குப் புறப்படுவதற்கு முந்திய போயாவில் என்னைக் கூப்பிட்டிருந்தார். "அத ஒருக்கா முழுசா விளையாடிப் பாக்கணும் மிஸ். யாருமே கடைசி வரைக்கும் விளையாடல."

மத்தியானம் போனேன். மேசை துப்புரவாக இருந்தது. பொம்மைகளையெல்லாம் பெட்டியில் கட்டிவிட்டிருந்தார். யன்னலைச் சாத்தி வைத்திருந்ததால் கீழே போகிறவர்களின் பேச்சு மட்டும் மங்கலாக ஏறி வந்தது. என் பாத்திரம் யார் என்று கேட்டார். ஒரு பொம்பளை, கடையில் வேலை, தனியாக அறை எடுத்திருக்கிறாள் என்றேன். பெயர் வைக்கவில்லை.

அவர் துவங்கினார். கண்ணை மூடிக்கொண்டு சத்தங்களைச் செய்தார். மேசைக்கு அடியில் கோப்பையை மெல்ல வைத்தார். செருப்பை இழுத்தார். இருமினார். எனக்குத் தெரிந்த எந்த மனிதரின் இருமலும் இல்லை அது, ஆனாலும் யாரோ ஒருவருடைய இருமல்.

"முதலாவது ராத்திரி. தட்டுறீங்களா?"

"இல்ல."

"அடுத்த நாள். வேலைக்குப் போயிட்டு நேரா ரூமுக்கு வர்றீங்க. அங்கால தண்ணி கொதிக்குது. தட்டுறீங்களா?"

"இல்ல. நானும் தண்ணி வைக்கிறேன்."

நாட்கள் போயின. கடையில் கூடவேலை செய்கிறவள் சினிமாவுக்குக் கூப்பிட்டாள், என் ஆள் போகவில்லை. அம்மா போனில் கூப்பிட்டார், பிறகு பேசுகிறேன் என்று அவள் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் தாயக்கட்டையை உருட்டச் சொன்னார். என் பலம் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் தட்டுகிறீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் மெல்ல ஓர் அவசரம் ஏறியது.

"மிஸ், அங்கால யாரும் இல்ல. உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா தட்டல? தட்டினா முடிஞ்சிரும்."

"முடிஞ்சிருமே அண்ணன்." என் குரல் ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை. "தட்டினா அது போயிரும். போனப்புறம் வெறும் பலகை. அதுக்குப் பிறகு அவ என்னா செய்வா? அந்தச் சத்தமாவது இருந்துட்டுப் போகட்டும்."

அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். விளையாட்டுக்காக வைக்கவில்லை. வெகு நேரம் அந்தச் சின்னப் பலகைச் சுவரைப் பார்த்தார்.

"அத நான் யோசிக்கலயே" என்றார்.

எழும்பி யன்னலைத் திறந்தார். வெள்ளை உடுப்புக்காரர்கள் பூத்தட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள். குடும்பம் குடும்பமாக. கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். விளையாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து நான் கைப்பையை எடுத்தேன்.

"மூணாவது ரூம்ல ஒருத்தர் இருக்கார்" என்றார், திரும்பாமலேயே.

"அப்படி ஒருத்தர நீங்க சொல்லவே இல்லையே."

"இப்பத்தான் வந்தார்."

"என்னா மாதிரி ஆளு?"

"தெரியல. சும்மா ஒரு ஆளு." வந்து மேசைப் பக்கத்தில் நின்றார். மர விளிம்பில் விரலை மடக்கி இரண்டு தடவை தட்டினார். "உங்க கதவுக்கு வெளிய நிக்கிறார்."

"என்னா வேணுமாம் அவருக்கு?"

குடை தின்னும் பூதத்துக்குக்கூட ஒரு தேவையைத் தயாராக வைத்திருந்த மனிதர், இதற்குத் தேடினார். மேசையைப் பார்த்தார், மேல்கூரையைப் பார்த்தார்.

"சீனி இருக்கான்னு கேக்கிறார்."

"இருக்கு. உள்ளுக்கு வரச் சொல்லுங்க."

"வந்துட்டார்" என்றார்.

நான் காத்திருந்தேன். கீழே ஒரு பஸ் நடத்துநர் மாத்தளை, மாத்தளை என்று கூவினான்.

"என்னா சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லல மிஸ்." தொண்டையைச் செருமினார். "உள்ள வந்தப்புறம் என்னா பேசுறதுன்னு அவருக்குத் தெரியல. வாசல்ல நின்னுதான் பழக்கம்."

"பரவாயில்ல. கதிரையில உக்காரச் சொல்லுங்க. நான் தண்ணி வைக்கிறேன்."

கதை நடத்துகிறவர் எப்போதும் மேசையின் அந்தப் பக்கம்தான் இருப்பார். அவர் சுற்றி வந்து, என் பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்து, அதன் நுனியில் உட்கார்ந்தார். முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டார்.

"சீனி எவ்வளவு போடணும்னு கேளுங்க" என்றேன்.

அவர் யாரிடமும் கேட்கவில்லை. யோசித்தார்.

"கொஞ்சமா" என்றார்.